ஸ்கேட்போர்டு வாங்கித் தரலாமா, நட்சத்திரங்களைக் குவித்தால் கோப்பை வருமா

கேள்வி ஒரு அப்பாவுடையது. 11 வயது மகன் ஸ்கேட்போர்டு கேட்டு அடம்பிடிக்கிறான், கை கால் உடைந்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பார்க்கிறவர்கள். மூன்று பெரிய நட்சத்திரங்களை ஒரே அணியில் சேர்த்துவிட்டால் கோப்பை நிச்சயம் என்பது மகன் கட்சி. அப்படிச் சேர்த்தால் ஆளாளுக்குப் பந்து கேட்டுச் சண்டை போட்டு அணியே நாசமாகும் என்பது அப்பா கட்சி. யார் சொல்வது சரி?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் 15 வருடமாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறேன், அதே மைதானத்தின் சிமெண்ட் ஓரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற பிள்ளைகளையும் தினமும் பார்க்கிறேன். இரண்டிலும் பெரியவர்கள் பயப்படுவது ஒன்றுக்கு, அடி விழுவது வேறொன்றால்.

முதலில் பலகை. அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் 1999-ல் காற்றில் இரண்டரை சுற்று சுற்றி இறங்கினாரே, அந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துவிட்டு அம்மாக்கள் பயப்படுகிறார்கள். உங்கள் பையன் அந்த உயரத்துக்குப் போக இன்னும் பல வருடம் இருக்கிறது, போகாமலும் இருக்கலாம். நான் கண்ணால் பார்த்த எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை பலகை வாங்கிய முதல் சில வாரங்களில், சமதரையில், ஏறக்குறைய நின்றுகொண்டிருந்த பலகையில் நடந்தவை. பலகை முன்னால் ஓடிவிடும், உடம்பு பின்னால் சாயும், கை தானாகப் பின்னால் ஊன்றும். அவ்வளவுதான், மணிக்கட்டு போச்சு. விழும்போது கையை ஊன்றுவது உடம்பின் இயல்பு, அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதனால்தான் பலகை வாங்குவதற்கு முன்னாலேயே ரிஸ்ட் கார்டு வாங்குங்கள் என்று சொல்கிறேன். உள்ளங்கைப் பக்கம் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு வைத்தது, மணிக்கட்டைப் பின்னால் மடங்க விடாது, விழுந்தால் தரையில் வழுக்கிக்கொண்டு போகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். என்னிடம் கூடைப்பந்து பழகிய 16 வயதுப் பையன் ஒருவன் இப்படித்தான் கை ஊன்றி விழுந்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை, சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். அவனும் பத்து நாள் தைலம் தேய்த்தான், வலி போகவில்லை. கட்டைவிரலை நன்றாக விறைத்து நீட்டினால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு சின்னக் குழி விழும், அந்த இடத்தை அழுத்தினால் துடித்தான். அந்தக் குழிக்கு அடியில் ஸ்காஃபாய்ட் என்று முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. அதில் விழுகிற முறிவுக் கோடு முதல்நாள் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால்தான் தெரியும். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடும். அவனுக்குக் கடைசியில் மாவுக்கட்டு போட்டுச் சரியானது, ஆனால் ஒரு பருவம் முழுக்க விளையாட்டு போனது. ஆகவே பையன் கை ஊன்றி விழுந்து, அந்தக் குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள், மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அடுத்தது கல். ஒரு புளியங்கொட்டை அளவுக் கல் போதும், சின்னக் கெட்டிச் சக்கரம் அதில் முட்டி அப்படியே நின்றுவிடும், மேலே இருக்கிறவன் மட்டும் போய்க்கொண்டே இருப்பான். ஸ்கேட் பூங்காவுக்கென்று விற்கிற சக்கரங்கள் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் விட்டத்தில், 99ஏ என்ற கெட்டியில் இருக்கும். வழவழப்பான காங்கிரீட்டுக்கு அது சரி. நம் தெருவுக்கும் அபார்ட்மெண்ட் வாசலுக்கும் 58, 60 மில்லிமீட்டரில் 78ஏ போல மென்மையான சக்கரம்தான் சரி, சின்னக் கல்லை விழுங்கிக்கொண்டு போய்விடும். பொம்மைக் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் அச்சு வைத்த பலகையை மட்டும் வாங்காதீர்கள். அது நேராக ஓடாது, திரும்பவும் திரும்பாது, பழகுகிறவன் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வான். ஏழு அடுக்கு மேப்பிள் மரப் பலகை, உலோக அச்சு, இது இரண்டும் இருந்தால் போதும், பிராண்ட் முக்கியமில்லை.

ஹெல்மெட் பற்றிச் சுருக்கமாக: சைக்கிள் ஹெல்மெட் ஒரு பெரிய அடியைத் தாங்கி நொறுங்குவதற்காகச் செய்தது, ஒரு அடியோடு அதன் வேலை முடிந்தது. ஸ்கேட் ஹெல்மெட் பின்மண்டையையும் மூடும், திரும்பத் திரும்ப விழுகிற சின்ன அடிகளைத் தாங்கும். ஏ.எஸ்.டி.எம். எஃப்1492 என்ற ஸ்கேட் ஹெல்மெட் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். அப்புறம் சாலை. ஸ்கேட்போர்டில் உயிர் போகிற விபத்து என்றால் அதில் பெரும்பாலும் ஒரு வண்டி இருக்கும். வண்டி ஓடுகிற தெருவில் ஓட்டுவதும், பைக்கைப் பிடித்துக்கொண்டு போவதும் கூடவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. 5 வயதுக்குக் கீழே வேண்டாம், 6 முதல் 10 வரை பெரியவர் கூடவே நிற்கவேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், ஆனாலும் முதல் மாதம் கூட நில்லுங்கள்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு வாங்கித் தாருங்கள் என்று ஏன் சொல்கிறேன்? ஸ்கை பிரவுன் என்ற பிரிட்டிஷ் சிறுமி 2020-ல், உங்கள் மகன் வயதில், கலிஃபோர்னியாவில் பயிற்சியின்போது விழுந்து மண்டையோட்டில் விரிசல், மணிக்கட்டு முறிவு என்று ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில், 13 வயதில், வெண்கலம் வாங்கினாள். எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு அதே போட்டியில் நடந்த வேறொன்றுதான் பெரிது. அந்த இறுதிச் சுற்றில் ஜப்பானின் மிசுகு ஒகமோட்டோ, 15 வயது, உலகத்தின் முதல் இடத்தில் இருந்தவள், கடைசி ஓட்டத்தில் கஷ்டமான வித்தையை முயன்று விழுந்தாள், நாலாவது இடம், பதக்கம் போனது. அழுதுகொண்டே மேலே ஏறி வந்தவளை, அவளோடு போட்டி போட்ட மற்ற நாட்டுப் பெண்கள் ஓடிவந்து தோளில் தூக்கிக்கொண்டார்கள். இருபது வருடமாக விளையாட்டு பார்க்கிறேன், ஒலிம்பிக் இறுதியில் தோற்றவளை எதிராளிகள் தூக்கிச் சுமந்து நான் பார்த்ததில்லை.

இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அந்த விளையாட்டில் எல்லாரும் நாள் முழுக்க விழுகிறார்கள். ஒரு வித்தை வர நூறு தடவை விழவேண்டும், பக்கத்தில் நிற்கிறவனும் அதையே நூறு தடவை விழுந்தவன். கோச் விசில் அடித்து நடப்பதில்லை, பெரிய பையன் சின்னப் பையனுக்குக் காட்டித்தருகிறான். மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் கிராமத்தில் 2015-ல் ஒரு ஸ்கேட் பூங்கா கட்டினார்கள். பள்ளிக்கூடம் போகாவிட்டால் பலகை கிடையாது, பெண்பிள்ளைகளுக்கு முதலிடம் என்று இரண்டே விதிதான். ஊரில் ஒருவரோடு ஒருவர் சேராத சாதிப் பிள்ளைகள் ஒரே பலகையைக் கைமாற்றி ஓட்டினார்கள். நம் மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி என்ற சிறுமி வெறுங்காலோடு பலகையில் இறங்கியதும், அந்தப் படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். உங்கள் மகனுக்கும் அப்படிப்பட்ட கூட்டாளிகள் கிடைத்தால் அது மணிக்கட்டு பயத்தைவிடப் பெரிய லாபம் என்று மனதாரச் சொல்கிறேன்.

சரி, கூடைப்பந்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

உங்கள் கட்சிக்கு முதலில் நியாயம் செய்துவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் ஜெர்ரி வெஸ்ட்டும் எல்ஜின் பேய்லரும் இருந்த காலத்தில், 1968-ல் வில்ட் சேம்பர்லெயினையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தக் காலத்துக்கு அதைவிடப் பெரிய மூவர் கூட்டணி கிடையாது. 1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் சொந்த ஊரில், ஜெயித்தவுடன் கீழே விடுவதற்காக முதலாளி கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டிவைத்திருந்தார். வயதான பாஸ்டன் செல்டிக்ஸிடம் 108-106 என்று தோற்றார்கள். கடைசி நிமிடங்களில் முழங்கால் வலியால் வெளியே போன சேம்பர்லெயின் மறுபடி இறங்குகிறேன் என்றபோது பயிற்சியாளர் விடவில்லை, இருவருக்கும் வருடம் முழுக்க ஆகவில்லை. இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. அதே அணியில் 1971 நவம்பரில் பேய்லர் முழங்கால் தாங்காமல் ஓய்வுபெற்றார், அவர் போன அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயித்தார்கள். இன்றுவரை யாரும் அதை முறியடிக்கவில்லை. அந்தப் பருவத்தில் கோப்பையும் வாங்கினார்கள். பேய்லர் மாதிரி ஒரு மனிதருக்குக் கோப்பை இல்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கினால் தப்பாகப் போய்விடும். 2003-ல் ஷாக் என்கிற ஷகில் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் இருந்த இதே லேக்கர்ஸுக்குக் கார்ல் மலோனும் கேரி பேட்டனும் சம்பளத்தைப் பெருமளவு விட்டுக்கொடுத்து வந்தார்கள். மலோன் முந்தின வருடம் 19 மில்லியன் டாலர் வாங்கியவர், ஒன்றரை மில்லியனுக்கு வந்தார். இறுதியில் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று உதை வாங்கினார்கள். ஷாக்கும் கோபியும் பேசிக்கொள்ளவில்லை என்று எல்லாரும் அதையே எழுதினார்கள், அது உண்மைதான். அதே இரண்டு பேர் பேசிக்கொள்ளாமலேதான் அதற்கு முன்னால் மூன்று கோப்பை வாங்கியிருந்தார்கள். 2004-ல் மாறியது மலோனின் முழங்கால். 40 வயது, இறுதித் தொடரில் நொண்டிக்கொண்டு விளையாடி, கடைசி ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை. அவருக்குப் பின்னால் பெஞ்சில், அதாவது மாற்று ஆட்டக்காரர்களில், சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

நான் சொல்லவருவது இதுதான். அணிக்குள் சண்டை என்பது கண்ணில் படுகிற ஆபத்து. ஆளைச் சாய்ப்பது பெஞ்சும், வயதான உடம்பும், நட்சத்திரத்தை வாங்கக் கொடுத்த விலையும்.

புரூக்ளின் நெட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கெவின் டுராண்ட், கைரி இர்விங், 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டன். பந்துக்குச் சண்டை வருமென்று உலகமே காத்திருந்தது, வரவே இல்லை, ஹார்டன் சந்தோஷமாகப் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். மூவரும் சேர்ந்து இறங்கிய வழக்கமான லீக் ஆட்டங்களில் 13 வெற்றி, 3 தோல்வி. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? மொத்தமே அந்த 16 ஆட்டம்தான். காயம், கைரி கோவிட் தடுப்பூசி போட மறுத்த விவகாரம், மறுபடி காயம் என்று ஒரு வருடத்தில் ஹார்டன் கிளம்பினார், 2023 பிப்ரவரியில் மற்ற இருவரும் போனார்கள். லீக் ஆட்டங்கள் முடிந்து கோப்பைக்காக நடக்கிற பிளேஆஃபில் ஒரே ஒரு தொடர்தான் அந்த மூவரும் சேர்ந்து ஜெயித்தது. ஹார்டனுக்காக ஹூஸ்டனுக்கு மூன்று முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும், நான்கு வருடம் டிராஃப்ட் வரிசையில் தங்கள் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்திருந்தார்கள்.

டிராஃப்ட் என்பதை மகனுக்கு விளக்கிச் சொல்லுங்கள், இந்தக் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புது இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், மோசமாகத் தோற்ற அணிக்கு முன்வரிசையில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த வரிசை இடத்தை வருடக்கணக்கில் முன்கூட்டியே இன்னொரு அணிக்கு விற்கலாம். விதைநெல்லை விற்றுக் கல்யாணச் சாப்பாடு போடுவது மாதிரி. இதே நெட்ஸ் 2013-லும் அதைச் செய்தது. 37 வயது கெவின் கார்னெட்டும் 35 வயது பால் பியர்ஸும் வேண்டுமென்று பாஸ்டனுக்கு மூன்று முதல் சுற்று வாய்ப்பும் ஒரு இடமாற்ற உரிமையும் கொடுத்தது. ஒரு பிளேஆஃப் தொடர் ஜெயித்தார்கள், ஒரு வருடத்தில் பியர்ஸ் போய்விட்டார். பாஸ்டன் அந்த வாய்ப்புகளில் 2016-ல் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. 2017-ல் கையில் வந்த முதலிடத்தை மூன்றாம் இடமாக மாற்றி ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024-ல் பாஸ்டன் கோப்பை வாங்கியது அந்த இருவரை வைத்துத்தான்.

லாஸ் ஏஞ்சலஸின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸ் கதையும் அப்படியே. 2019-ல் கவாய் லெனர்டுக்குத் துணையாகப் பால் ஜார்ஜை வாங்க, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரையும் ஐந்து முதல் சுற்று வாய்ப்புகளையும் ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தார்கள். கிளிப்பர்ஸ் இறுதித் தொடரை எட்டவே இல்லை, ஜார்ஜ் 2024-ல் வேறு அணிக்குப் போய்விட்டார். ஓக்லஹோமா 2025-ல் சாம்பியன், ஷே அந்த வருடத்தின் சிறந்த வீரர், அணியின் இரண்டாவது ஆளான ஜெய்லன் வில்லியம்ஸ் கிளிப்பர்ஸ் கொடுத்த வாய்ப்பில் வந்தவர்.

இப்போது மகன் கட்சி. அவனும் சும்மா சொல்லவில்லை. பாஸ்டன் 2007-ல் கார்னெட்டையும் ரே ஆலனையும் பியர்ஸோடு சேர்த்தது. முந்தின வருடம் 24 வெற்றி, சேர்ந்த வருடம் 66 வெற்றி, கோப்பை. அது நடந்ததற்குக் காரணம், மூன்று பேர் வேலையும் வேறு வேறு: கார்னெட் தடுப்பு, ஆலன் தூரத்திலிருந்து எறிவது, பியர்ஸ் பந்தை வைத்துக்கொண்டு உள்ளே புகுவது. கோல்டன் ஸ்டேட்டில் 2016-ல் டுராண்ட் சேர்ந்தது அதைவிடப் பெரியது, 2017 பிளேஆஃபில் 16 வெற்றி, ஒரே தோல்வி, அடுத்தடுத்து இரண்டு கோப்பை. ஆனால் அது எப்படிச் சாத்தியமானது என்று பாருங்கள். ஸ்டீஃபன் கரி கணுக்கால் காயத்துக்குப் பயந்து நான்கு வருடத்துக்கு 44 மில்லியன் டாலர் என்ற மலிவான ஒப்பந்தத்தில் இருந்தார், அதே நேரத்தில் புதிய டி.வி. பணம் வந்து சம்பள உச்சவரம்பு ஒரே வருடத்தில் 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவியது. ஆகவே பெரிய நட்சத்திரம் யாரையும் விட்டுக்கொடுக்காமல், முதல் சுற்று வாய்ப்பு எதையும் விற்காமல் டுராண்டை எடுக்க முடிந்தது. கரியும் கிளே தாம்சனும் டிரேமண்ட் கிரீனும் அவர்களே டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர்கள். அந்த அணியும் 2019 இறுதியில் டுராண்டின் குதிகால் தசைநாணும் கிளேயின் முழங்கால் தசைநாரும் அறுந்து நின்றது. உடம்புதான், மறுபடியும்.

இனி அப்படிச் செய்வதும் கஷ்டம். லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்தில் இரண்டாவது ஏப்ரன் என்று ஒரு சம்பளக் கோடு போட்டார்கள். அதைத் தாண்டினால் பல வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, நல்ல பெஞ்ச் ஆட்டக்காரருக்கான விதிவிலக்குத் தொகையும் கிடையாது. ஃபீனிக்ஸ் அதே வருடம் டுராண்ட், புக்கர், பீல் என்று மூவரைச் சேர்த்தது. 2024-ல் முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் 4-0, அடுத்த வருடம் 36 வெற்றி, 46 தோல்வி, பிளேஆஃபே இல்லை. 48 நிமிட ஆட்டத்தில் ஐந்து இடத்துக்கு மொத்தம் 240 நிமிடம் ஆள் வேண்டும். மூன்று நட்சத்திரம் சேர்ந்து நூற்றுச் சொச்சம் நிமிடம் நிற்பார்கள், மீதியில் பாதிக்கு மேல் குறைந்த சம்பளக்காரர்கள்தான் நிற்கவேண்டும்.

ஆக என் பதில்: மகன் கொஞ்சம் சரி, நீங்கள் சொன்ன காரணம் பாதி சரி. நட்சத்திரங்களில் ஒருவராவது தன் ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்ளத் தயாராக இருந்து, விதைநெல் கையில் இருந்து, பெஞ்சில் ஆள் இருந்தால் அது நடக்கும்.

இருவரும் சேர்ந்து 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைப் பாருங்கள், மியாமி, சான் அன்டோனியோ. மியாமி என்பது லெப்ரான் ஜேம்ஸ், டுவேன் வேட், கிறிஸ் போஷ் மூவரும் 2010-ல் சேர்ந்த அணி. முதல் 17 ஆட்டத்தில் 9 வெற்றி, 8 தோல்வி என்று தடுமாறி, 2011 இறுதியில் டாலஸிடம் தோற்று, அதற்குப் பிறகே கூடிவந்த அணி. கடைசி நொடிகளில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள், லெப்ரான் எறிந்தது தவறியது, அப்போது மியாமிக்கு வந்திருந்த ரே ஆலன் மூலையிலிருந்து எறிந்து 5.2 விநாடி மீதியிருக்கச் சமன் செய்தார். எல்லாரும் ஆலனைப் பார்ப்பார்கள். நீங்கள் கிறிஸ் போஷைப் பாருங்கள், தவறிய பந்தைக் கூட்டத்துக்குள் குதித்துப் பிடித்து ஆலனுக்குத் தள்ளியவர் அவர். கூடுதல் நேரத்தின் கடைசி எறிதலைக் கை நீட்டித் தடுத்ததும் அவர்தான். டொராண்டோவில் கடைசி வருடம் ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுத்த மனிதர், மியாமிக்கு வந்து நடுவில் நின்று தன்னைவிடப் பெரிய ஆட்களோடு இடித்துக்கொண்டிருந்தார். ஏழாவது ஆட்டத்தையும் பாருங்கள், மியாமி கோப்பை வாங்கிய அந்த ஆட்டத்தில் போஷ் எடுத்தது பூஜ்யம் புள்ளி.